உங்களுக்குத் தெரியுமா? – காவிரிக்கரையின் அமைதியான மனிதர்கள்

● திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒரு நாள் காலை என் அக்கா மகன் மூன்று பஸ்களை விட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தான். முதல் நாள் கண்டக்டர் மீதிச் சில்லறையில் பத்து ரூபாய் கூடுதலாகக் கொடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து எண்ணியபோதுதான் தெரிந்தது. ராத்திரி கணக்கு ஒப்படைக்கும்போது அவர் கைக்காசு போட்டிருப்பாரே என்று பையனுக்குத் தூக்கமே இல்லை. நாலாவது பஸ்ஸில் அதே கண்டக்டர். இவன் நோட்டை நீட்டினான். அதைச் சுற்றி ஒரு துண்டுச் சீட்டு: 'நேற்று மீதியில் பத்து ரூபாய் அதிகம் தந்துவிட்டீர்கள். மன்னிக்கவும்.' அத்தனை பேர் நடுவே வாய்திறந்து சொல்ல வராது என்று ராத்திரியே எழுதி வைத்திருக்கிறான். கண்டக்டர் படித்துவிட்டு அவன் தோளில் ஒரு தட்டு தட்டினார். அந்தத் தட்டைப் பற்றி ஒரு வாரம் பேசினான், என்னிடம் மட்டும்.

● இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நம் ஊரில் பெயர்களுக்குப் பஞ்சமில்லை: சங்கோஜி, உம்மணாமூஞ்சி, ஊமைக்கோட்டான், தொட்டாச்சிணுங்கி. எல்லாமே குறை சொல்லும் பெயர்கள்தான்.

● உள்முகம், வெளிமுகம் என்ற பாகுபாட்டை உளவியலில் நிலைநிறுத்தியவர் சுவிட்சர்லாந்தின் கார்ல் யுங். அவருடைய 'உளவியல் வகைகள்' நூல் வெளிவந்தது 1921-ல். யுங் 1937-38-ல் இந்தியாவுக்கு வந்தார். ஆனால் திருவண்ணாமலைக்குப் போகவில்லை, ரமணரைப் பார்க்காமலே திரும்பிவிட்டார். 1944-ல் ரமணரைப் பற்றிய ஜெர்மானிய நூல் ஒன்றுக்கு முன்னுரை எழுதியபோது அதைக் குறிப்பிட்டும் இருக்கிறார். உள்முகத்துக்குப் பெயர் வைத்தவரும் மௌனத்திலேயே உபதேசம் செய்தவரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நான் பலமுறை யோசித்ததுண்டு.

● யுங்கின் கருத்தை எடுத்து மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரித்தவர்கள் அமெரிக்காவின் காதரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மயர்ஸும். இருவரும் உளவியல் பட்டம் பெற்றவர்கள் அல்லர். ஒதுங்கியிருக்கும் சுபாவம், கற்பனை, இளகிய மனம், கொண்ட கொள்கையில் பிடிப்பு எல்லாம் சேர்ந்தவருக்கு அவர்கள் தந்த முத்திரை ஐ.என்.எஃப்.பி. உளவியலாளர்கள் பலர் இந்தப் பெட்டிகளை ஏற்பதில்லை. பெரும்பாலோர் இரண்டு முனைக்கும் நடுவில்தான் இருக்கிறோம். சோதனையை மறுபடி எழுதினால் எழுத்து மாறிவிடுவதும் உண்டு. எனக்கும் முத்திரையில் நம்பிக்கை இல்லை. ஆனால் 'என்னைப் போல் இன்னும் பல பேர் இருக்கிறார்கள்' என்று தெரிந்த அன்று என் அக்கா மகன் முகத்தில் வந்த தெளிவை நேரில் பார்த்தவள் நான்.

● சத்தம், வெளிச்சம், அடுத்தவர் முகவாட்டம் எல்லாவற்றையும் கூடுதலாக உணர்பவர்கள் நூற்றுக்கு 15 முதல் 20 பேர் இருக்கலாம் என்பது அமெரிக்க உளவியலாளர் எலைன் ஏரனின் கணிப்பு. இதைப் பற்றிய அவரது நூல் 1996-ல் வந்தது. அவர்களில் 30 சதவீதம் பேர் கலகலப்பாகப் பழகுகிறவர்கள் என்றும் அவரே சொல்கிறார். ஆக, தொட்டாச்சிணுங்கிகள் எல்லோரும் வாய்பேசாதவர்கள் அல்லர்.

● நம் ஊர்த் தெய்வங்களிலும் ஒதுங்கியிருப்பவர் உண்டு. ஸ்ரீரங்கம் கோயில் 156 ஏக்கர். 21 கோபுரங்கள். 1987-ல் கட்டி முடித்த ராஜகோபுரத்தின் உயரம் 236 அடி. உற்சவர் நம்பெருமாள் வீதி வீதியாகப் புறப்பாடு கண்டபடியே இருப்பார். ஆனால் ரங்கநாயகித் தாயார் வீதிக்கு வருவதே இல்லை. உற்சவமெல்லாம் தாயார் சன்னிதிக்குள்ளேதான். 'படிதாண்டாப் பத்தினி' என்பார்கள். பங்குனி உத்திரத்தன்று பெருமாள்தான் தாயார் சன்னிதிக்கு வருகிறார். அன்றுதான் இருவரும் சேர்ந்திருக்கும் சேர்த்தி சேவை.

● தாயுமானவர் திருச்சியில் அரண்மனை உத்தியோகம் பார்த்தவர். 18-ஆம் நூற்றாண்டு, விஜயரங்க சொக்கநாத நாயக்கர் காலம். மலைக்கோட்டை இறைவனின் பெயரையே பெற்றோர் இவருக்கு வைத்தார்கள். ஒரு நாள் சபையில் முக்கியமான ஓலை ஒன்றைக் கையில் வாங்கியவர், தன்னை மறந்து அதைக் கசக்கிவிட்டாராம். சபை திகைத்துப் போயிற்று. கொஞ்ச நேரத்தில் திருவானைக்காவலிலிருந்து அர்ச்சகர்கள் ஓடி வந்தார்கள்: அகிலாண்டேஸ்வரியின் ஆடையில் தீப்பற்றியது, தாயுமானவர் வந்து கசக்கி அணைத்தார் என்று. இது செவிவழிக் கதை. ஆனால் வகுப்பில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளையைத் திட்டத் தோன்றும்போதெல்லாம் எனக்கு இந்தக் கதைதான் நினைவுக்கு வரும்.

இவருக்கு வாய்த்த குருவின் பெயரே மௌனகுரு. சீடர் உடனே துறவு கேட்டார். குரு பொறுக்கச் சொன்னார், இல்லறத்தில் இருந்துவிட்டு வரச் சொன்னார். கொடுத்த உபதேசம் 'சும்மா இரு' என்பதுதான் என்பார்கள். நாம் வீட்டில் குழந்தைகளை அதட்டச் சொல்லும் அதே இரண்டு வார்த்தைகள்! பூஜைக்குப் பூப்பறிக்கப் போனால் பூவுக்குள்ளும் இறைவனே தெரிகிறான், பறிக்கக் கை வரவில்லை என்று பாடிய மனசு அவருடையது.

● ஆற்றுக்கு அந்தப் பக்கம், ஸ்ரீரங்கத்தில், பூவிலேயே வாழ்ந்தவர் ஒருவர் உண்டு. தொண்டரடிப்பொடி ஆழ்வார் நந்தவனம் வைத்து, மாலை கட்டி அரங்கனுக்குக் கொடுத்தவர். திருமாலை 45 பாட்டு, திருப்பள்ளியெழுச்சி 10. வேறு எந்தத் தலத்துப் பெருமாளையும் பாடவில்லை. அதனால் 'பத்தினி ஆழ்வார்' என்ற பெயரும் உண்டு. நூறு பேரோடு பழக வராது, ஒருவரிடம் ஒட்டினால் உயிரையே வைப்பார்கள் என்று சிலரைச் சொல்வோமே, அந்த ரகம்.

● ஸ்ரீரங்கத்து வைகுண்ட ஏகாதசிக் கூட்டத்தை நினைத்தாலே மூச்சு முட்டுகிறவர்களுக்கு: பரமபத வாசல் அன்று ஒரு நாளோடு முடிவதில்லை. வேடுபறி உற்சவம் போன்ற ஓரிரு நாட்கள் தவிர, இராப்பத்து என்னும் அந்தப் பத்து நாட்களிலும் திறக்கிறார்கள். இரவில் நம்பெருமாள் மூலஸ்தானம் திரும்பும்போது வீணை வாசிக்கிறார்கள். நாள் முழுக்க ஊரே அதிர்ந்த பிறகு, காதைத் தீட்டிக்கொண்டு கேட்க வேண்டிய மெல்லிய நாதம். எங்கள் வீட்டில் இரண்டு பேர் அதற்காகவே போவோம்.

● மலைக்கோட்டையில் தாயுமானவர் சன்னிதிக்கும் உச்சிப்பிள்ளையாருக்கும் இடையில், 7-ஆம் நூற்றாண்டில் மகேந்திரவர்ம பல்லவன் குடைந்த குகை இருக்கிறது. உள்ளே கங்கையைச் சடையில் தாங்கும் சிவன். பிள்ளையாரைப் பார்க்கும் அவசரத்தில் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். உட்கார்ந்து மூச்சு வாங்க நல்ல இடம்.

● அமைதியானவர்களைப் போனில் கூப்பிட்டால் எடுக்க மாட்டார்கள். ஆனால் நீளமாக மெசேஜ் வரும். அதை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அடித்து, அழித்து, மறுபடி அடித்து அனுப்பிய பதில் அது.

● எங்கள் அம்மாவுக்கு எண்பத்து மூன்று வயது, காது சுத்தமாகக் கேட்காது. உத்தர வீதி வீட்டுத் திண்ணையில் சாயங்காலமானால் பூத்தொடுக்க உட்காருவாள். எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு மொட்டாக எடுத்துக் கொடுப்பவன் அந்தப் பத்து ரூபாய்ப் பேரன்தான். ஒரு மணி நேரம் இருவருக்கும் ஒரு வார்த்தை ஓடாது. போன வாரம் அக்கா, "இவன் யாரோடயும் பேச மாட்டேங்கறான்" என்று குறைப்பட்டுக்கொண்டாள். விஷயத்தை எழுதிக் காட்டினேன். அம்மாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "யாரு சொன்னா? என்கிட்ட நிறையப் பேசறவன் இவன் ஒருத்தன்தான்" என்றாள்.