பத்தாயிரமாவது வரியில் என்ன நடக்கிறது?

ஈரோட்டில் மஞ்சள் மண்டிக்காரர்கள் சிலருக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். மார்ச் நெருங்கினால் போனில் வரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "அக்கா, ஒரு தொகையைத் திருத்துனா எக்செல் சுத்திக்கிட்டே இருக்குதுங்க. கம்ப்யூட்டரை மாத்திரலாமுங்களா?" வேண்டாம் என்பேன். முதலில் நிலுவைப் பத்தியைக் காட்டச் சொல்வேன்.

வியாதி அங்கேதான் இருக்கும். தொகை பி பத்தியில், நிலுவை சி பத்தியில். ஒவ்வொரு வரியிலும் 'பி2 தொடங்கி இந்த வரி வரை கூட்டு' என்று ஒரு சம் ஃபார்முலா. தொடக்கம் நகராமலிருக்க டாலர் குறி. நூறு வரிக்கு அழகாக ஓடும். பத்தாயிரமாவது வரிக்கு வந்தால் அந்த ஒரு கட்டமே பத்தாயிரம் எண்களைக் கூட்ட வேண்டும். அவற்றில் 9,999-ஐ மேல்வரி ஏற்கெனவே கூட்டி வைத்திருக்கிறது! பத்தி முழுக்கக் கணக்குப் பார்த்தால் ஐந்து கோடிக்குச் சற்று மேல். வரிகள் இரட்டித்தால் இருபது கோடி. கடைசியில் புதுப் பதிவு போடும்போது இது தெரியாது. மாற்றம் தொடுகிற கட்டங்களை மட்டுமே எக்செல் மறுபடி கணக்கிடும். ஏப்ரல் மாதத்துத் தொகை ஒன்றைத் திருத்தினால்தான் கீழே உள்ள அத்தனையும் கிளம்பும்.

நாள்வழி எழுதிய கணக்குப்பிள்ளை வரிக்கு வரி முதல் பக்கத்துக்கா ஓடினார்? மேல் நிலுவையோடு இன்றைய தொகையைச் சேர்த்தார். அதேதான். சி3-இல் 'சி2 கூட்டல் பி3' என்று போட்டுக் கீழே இழுத்துவிடுங்கள். கட்டத்துக்கு இரண்டே எண்கள்.

அடுத்த சந்தேகம் எனக்கு 'பாக்கி எத்தனை நாள்' பத்தி மேல். வரிதோறும் டுடே போட்டிருப்பார்கள். ஷீட்டில் எங்கே எதைத் தட்டினாலும் டுடே மறுபடி ஓடும், அதை நம்பியிருக்கும் கட்டங்களும் ஓடும். காலையில் ஒரு கட்டத்தில் தேதியைக் கையால் தட்டி எல்லா வரிகளும் அதைப் பார்க்கச் செய்தால் போதும். ஆஃப்செட், இன்டைரக்ட் இரண்டும் இதே ரகம். வளரும் கணக்குக்குத் தானே நீளும் எல்லை வேண்டுமென்று ஆஃப்செட்டைப் பிடித்துக்கொள்பவர்கள் நிறைய. இன்சர்ட் மெனுவில் டேபிள் இருக்கிறது. கீழே புது வரி தட்டினால் டேபிள் நீளும், அதைச் சுட்டும் ஃபார்முலாவும் கூடவே நீளும்.

ஃபார்முலாவுக்கு முழுப் பத்தியையும் கொடுப்பது எல்லா இடத்திலும் தப்பாகிவிடாது. சம்இஃப்ஸ் எழுதியிருக்கும் பகுதியோடு நின்றுகொள்ளும். சம்பிராடக்ட்டுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது, 10,48,576 வரிக்கும் போய்வரும்.

அந்த எண்ணிக்கை 2007 பதிப்பில் வந்தது. அதற்கு முன் 65,536 வரிதான். 2020-இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை பழைய எக்ஸ்எல்எஸ் கோப்பில் கொரோனா முடிவுகளைக் கொட்டியதில் வரி தீர்ந்து, 15,841 தொற்றாளர்கள் அன்றாடக் கணக்கில் விடுபட்டார்கள்.

மேல்வரியைப் பார்க்கும் நிலுவைக்கு ஒரு கெடுதல் உண்டு. நடுவில் ஒரு வரியை அழித்தால் அதற்குக் கீழே எல்லாம் ரெஃப் பிழை காட்டும். நல்ல வரியிலிருந்து ஃபார்முலாவை மறுபடி இழுத்தால் சரியாகிவிடும். ஆனால் நான் மண்டிப் பையன்களிடம் சொல்வது, அழிக்கவே அழிக்காதே தம்பி, எதிர்ப்பதிவு போடு. ஆடிட்டர் கேட்பதும் அதைத்தான்.