மூக்கை அளந்து ஏமாறாதீர்!

புதுச்சேரி பீச்சில் காற்று வாங்கப் போகிறவர்களுக்கு அந்தப் போர் நினைவுச் சின்னம் தெரிந்திருக்கும். முதல் உலகப் போரில் பிரெஞ்சுப் படைக்காகப் போய் உயிர்விட்ட நம்மூர்க்காரர்களுக்காகக் கட்டியது. ஜூலை 14 வந்தால் மாலை, மரியாதை எல்லாம் உண்டு.

அந்தப் போரில் பிரெஞ்சுக்காரர்களின் முக்கியமான ரைஃபிள் 'லெபல்'. 1886 மாடல். குழலுக்குக் கீழே இன்னொரு குழாய். அதற்குள் எட்டுத் தோட்டாக்கள், ரேஷன் கடை க்யூ மாதிரி. முன்னால் நிற்பவர் முதுகில் பின்னால் நிற்பவர் மூக்கு! மொட்டை மூக்காக இருந்தவரை தொல்லையில்லை. 1898-ல் கூர்மூக்குக் குண்டு வந்தது. அது முன்தோட்டாவின் 'கேப்'பில் குத்திவிட்டால் அம்போ! அதனால் தோட்டாவின் அடியில், கேப்பைச் சுற்றி ஒரு பள்ளம் போட்டு, பின்னால் இருப்பவர் மூக்கு அதில் போய் உட்காரும்படி செய்தார்கள்.

ராணுவத் தோட்டாவுக்கு இந்தக் கவலையெல்லாம் ஃபாக்டரி பார்த்துக்கொள்ளும். ஆனால் அமெரிக்கா போன்ற நாடுகளில் ஆயிரம் கஜம் தள்ளிக் குறிபார்க்கிற போட்டிக்காரர்கள் பலர், தோட்டாவை வீட்டிலேயே கையால் அடைக்கிறார்கள். அவர்களுக்குத் தலைவலியே நீளம்தான். '7.62×51' என்கிறார்களே, அதில் 51 மி.மீ. என்பது பித்தளைக் கூடு மட்டும். மூக்கு நுனிவரை அளந்தால் சுமார் 71 மி.மீ. வரை போகும்.

நுனிவரை அளந்தால் போதுமா? போதாது சார்! கிராப்பைத் தூக்கி வாரிக்கொண்டு 'ஐந்தே முக்கால் அடி' என்கிற மாப்பிள்ளை கதைதான். ஒரே டப்பாவில் வந்த குண்டுகளிலேயே நுனி கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். குழலுக்குள் இருக்கும் திருகு வரிகளில் முதலில் தொடுவது நுனியல்ல, மூக்கு பருத்து வரும் வளைவு. அதனால் காலிப்பரில் ஒரு துளை வளையத்தை மாட்டி, அந்த வளைவிலிருந்து அடிவரை அளக்கிறார்கள். இந்த அளவு ரைஃபிளுக்கு ரைஃபிள் மாறும். பக்கத்து வீட்டுக்காரர் கணக்கைக் காப்பி அடிக்க முடியாது.

தப்பினால் குறி மட்டுமா தப்பும்? குண்டு வரியில் முட்டிக்கொண்டு நின்றாலும் சரி, கூட்டுக்குள் அளவுக்கு மீறி அமுங்கினாலும் சரி, உள்ளே அழுத்தம் எகிறும். அதற்குப் பக்கத்தில் இருப்பது சுடுகிறவரின் கண்ணும் கன்னமும்!

ப்ளஸ் ஒன் பிசிக்ஸ் லேபில் நம்மைப் படுத்தியெடுத்த அந்த வெர்னியர் அளவுகோலைக் கண்டுபிடித்ததும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான். பியர் வெர்னியர், 1631-ல் வெளியிட்டார்.

படித்துவிட்டு யாரும் மொட்டைமாடியில் தோட்டா அடைக்கக் கிளம்ப வேண்டாம். லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரித்தால், 1959-ஆம் வருட ஆயுதச் சட்டப்படி ஜெயில்தான். நமக்குத் தீபாவளித் துப்பாக்கியும் ரோல் கேப்பும் போதும். அதற்கு நீளம் பார்க்கிற வேலையும் இல்லை!