பனியில் ஒரு கையெழுத்து வேட்டை

மார்கழி மாதத்து விடியற்காலை. கோவிலில் திருப்பாவை ஒலிக்கிறது. இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்க வேண்டிய நேரத்தில், உங்கள் பெண் கையில் ஒரு குட்டிப் புத்தகத்துடன் வாசற்படி இறங்குகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்ன செய்வீர்கள்?

நாகர்கோவிலில் என் அக்கா செய்ததைத்தான் செய்வீர்கள்!

"இந்தப் பனியிலே எங்கே போறே மக்ளே?"

"அண்ணா ஸ்டேடியத்துக்கும்மா. வாலிபால் ஆட வந்தவங்க பயிற்சிக்கு வருவாங்க. ஆட்டோகிராப் வாங்கணும்."

"அந்தக் கிறுக்கலை வச்சு என்ன செய்யப் போறே?"

ஆடிக் காற்றுக்கு அசையாத நாஞ்சில் நாட்டுக்காரர்கள், மார்கழிப் பனிக்கு மட்டும் மகா பயந்தவர்கள். அக்காவும் சால்வையைப் போர்த்திக்கொண்டு பெண்ணோடு புறப்பட்டாள்.

இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று எண்ணிவிடாதீர்கள். 1933-34 குளிர்காலத்தில் டக்ளஸ் ஜார்டின் தலைமையில் எம்.சி.சி. கிரிக்கெட் குழு இந்தியாவுக்கு வந்தது. பம்பாய், கல்கத்தா, சென்னை மூன்று ஊர்களிலும் டெஸ்ட் பந்தயம் ஆடியது. ஆட்டக்காரர் விஜய் மெர்ச்சண்டின் சகோதரி லக்ஷ்மி, அந்தக் குழுவினர் 16 பேரின் கையெழுத்தையும் தம் புத்தகத்தில் வாங்கி வைத்திருந்தார். பிறகு அதே புத்தகத்தைக் காந்திஜியிடம் நீட்டினார். காந்திஜி ஏடுகளைப் புரட்டினார்; அந்தப் பக்கத்துக்கு வந்ததும் 17-வது ஆளாகத் தம் பெயரை எழுதிவிட்டார்! வெள்ளைக்காரக் குழுவில் காந்திஜி! ஒரு பெண்ணின் பொழுதுபோக்கு சரித்திரச் சின்னமாகிவிட்டது, பார்த்தீர்களா?

ஸ்டேடியத்துக்கு வருவோம். பெண் கொண்டுபோனது தாத்தாவின் மைப் பேனா. பேர்பெற்ற வீராங்கனை ஒருவர் அவசரமாகக் கையெழுத்திட்டு வண்டியேறினார். மறுகணம் மரத்திலிருந்து சொட்டென்று பனித்துளி! மை பரவி, பெயர் நீலக் குளமாயிற்று. பெண்ணின் கண்ணும் குளமாயிற்று.

"போதும், வா" என்றாள் அக்கா.

பெண் நகரவில்லை. படியில் தனியாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். கடலோரக் கிராமத்து மீனவர் வீட்டுப் பெண். குழுவில் மாற்று ஆட்டக்காரி. அவளிடம் புத்தகத்தை நீட்டினாள்.

"என் கையெழுத்தா? என்கிட்ட இதுவரை யாரும் கேட்டதில்லையே!"

அவள் கைகளைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டாள். பரீட்சை எழுதுகிறவள் போல் தன் பெயரையும் ஊர்ப் பெயரையும் நிறுத்தி எழுதினாள். அவள் எழுதி, மை காய்ந்து முடியும்வரை, பனி விழாமல் புத்தகத்துக்கு மேலே சால்வையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றது யார் தெரியுமா? சாட்சாத் என் அக்காதான்!

நீங்களும் போவதானால் சில யோசனைகள். பனியில் மைப் பேனா உதவாது. பால்பாயிண்ட் பேனா நல்லது. அதுவும் கடுங்குளிரில் சண்டித்தனம் செய்யும். குல்மார்க்கில் 2020 முதல் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டிகள் நடந்து வருகின்றன. அத்தகைய பனிமலைக்குப் போனால் பேனாவைச் சட்டைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். குளிரில் உள்ளே மை கெட்டியாகி எழுத மறுக்கும். உடம்புச் சூட்டில் இளகிவிடும். பென்சிலுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆடி முடித்துக் களைத்து வருகிறவர்களை வழிமறிக்காதீர்கள்.

செல்பேசியில் படம் பிடித்துக்கொள்ளும் காலம் இது. ஆனாலும் அக்கா வீட்டில் அந்தப் புத்தகம் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே இருக்கிறது. விருந்தாளிகளுக்கு அக்கா முதலில் காட்டுவது எந்தப் பக்கம் என்று நான் சொல்லவும் வேண்டுமா?