ஆலையோரத்தில் வாடகை வீடு: எத்தனை அறை கட்டலாம்?

ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத்துச் சங்கங்களுக்கு நாம் செல்லும்பொழுதெல்லாம் அங்கத்தினர்கள் தவறாது கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது, ஊர்க்கோடியில் மனையும் இருக்கிறது. நாலு அறை கட்டி ஆலைத் தொழிலாளருக்கு வாடகைக்கு விட்டால் என்ன?" நெல் பயிரிடுவோரும் கேட்கின்றனர், காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளரும் கேட்கின்றனர். கேள்வி நியாயமானதே. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் உற்பத்தி தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசானும், 2012-இல் டைம்லரும் வந்தன. வல்லக்கோட்டை முருகனைத் தரிசிக்கச் செல்வோர் இன்று வழிநெடுகக் காண்பது வயலைவிட மதிற்சுவரையே அதிகம். அம்மதிலுக்குள் வேலை செய்வோருக்கு இரவில் தலை சாய்க்க ஓர் இடம் வேண்டும்.

கட்டலாம் என்பதே நமது அபிப்பிராயம். ஆனால் நாலு அல்ல, இரண்டு.

இதற்குக் காரணம் கூறுமுன் இந்த வட்டாரத்திலேயே நடந்த ஒரு விஷயத்தை நினைவூட்டுவது அவசியம். ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா கைப்பேசித் தொழிற்சாலை 2006-இல் உற்பத்தியைத் தொடங்கியது. உச்ச காலத்தில் சுமார் 8,000 பேர் அங்கு நேரடியாக வேலை செய்தனர்; அவர்களில் பெரும்பாலோர் இளம் பெண்கள். உதிரிப் பொருள் செய்து கொடுத்த ஆலைகளில் இருந்தோர் வேறு. நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாப்டுக்கு விற்றபொழுது, இந்திய அரசுடன் இருந்த வரி வழக்கின் காரணமாக இத்தொழிற்சாலையை மட்டும் கைமாற்ற இயலாது போயிற்று. 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றது. அதை அண்டியிருந்த பாக்ஸ்கான் ஆலையும் அவ்வருஷம் டிசம்பரில் வேலையை நிறுத்தியது. நோக்கியா கட்டடத்தைச் சால்காம்ப் நிறுவனம் வாங்குவதாக அறிவிப்பு வந்தது 2019 நவம்பரில். இடையில் கழிந்தவை ஐந்து வருஷங்கள்!

உள்ளூர் வீட்டுக்காரர் இதில் எதையும் முன்கூட்டி அறிந்திருக்க முடியாது. அறிந்திருந்தாலும் தடுத்திருக்க முடியாது. பின்லாந்திலும் அமெரிக்காவிலும் டில்லியிலும் நிகழ்ந்த காரியங்களால், ஒரே ஆலையை நம்பிக் கட்டிய அறைகளுக்கு ஆள் இல்லாமற் போகும். அறை காலியாயிற்று என்பதற்காகக் கடன் தவணை காத்திருக்காது. இந்தப் பகுதியை 'இந்தியாவின் டெட்ராய்ட்' என்று பெருமையாகச் சொல்வதுண்டு. அந்த அமெரிக்க மோட்டார் நகரத்தில் 1950-இல் சுமார் 18½ லட்சம் பேர் வசித்தனர். 2020-இல் 6½ லட்சத்துக்கும் குறைவு. பெருமை பேசுவோர் இதையும் சேர்த்துச் சொல்வதில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். உதாரணத்துக்காக, ஓர் அங்கத்தினருக்குச் சொந்த மனையும் கையில் 6 லட்சம் ரூபாயும் இருப்பதாகக் கொள்வோம். ஓர் அறையைச் சமையல் மேடை, கழிப்பறையுடன் கட்ட 4 லட்சம் ஆகிறது; வாடகை மாதம் 5,000 ரூபாய். நாலு அறை கட்டினால் செலவு 16 லட்சம். ஆகவே 10 லட்சம் கடன் வாங்க வேண்டும். நூற்றுக்குப் பத்து வட்டி, பத்து வருஷத் தவணை என்றால் மாதம் சுமார் 13,215 ரூபாய். வருஷத்துக்கு 1,58,580 ரூபாய். வாடகை வரவு வருஷத்துக்கு 2,40,000. ஒவ்வோர் அறையும் வருஷத்தில் ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று 20,000 ரூபாயும், வெள்ளையடிப்பு, மோட்டார் பழுது, கழிவுத்தொட்டி வாருதல், வீட்டு வரி இவற்றுக்கு 30,000 ரூபாயும் கழிக்க வேண்டும். மீதி 1,90,000. தவணை போகக் கையில் நிற்பது 31,420 ரூபாய். இரண்டு அறைகள் மேலும் ஆறு மாதம் காலியாகிவிட்டால் 60,000 ரூபாய் குறையும். அப்பொழுது கைப்பணத்திலிருந்து 28,580 ரூபாய் போட வேண்டியிருக்கும்.

அதே அங்கத்தினர் இரண்டு அறையோடு நிறுத்தினால் செலவு 8 லட்சம். கடன் 2 லட்சம். வருஷத் தவணை சுமார் 31,720 ரூபாய். செலவும் காலி மாதமும் போக வரவு 95,000. கையில் நிற்பது 63,280 ரூபாய். நாலு அறைக்காரரைவிட இரண்டு அறைக்காரர் இரு மடங்கு மிச்சம் பிடிக்கிறார்! பத்து வருஷம் கழித்துக் கடன் தீர்ந்தபின் நாலு அறைக்காரர் முந்துவார் என்பது மெய்தான். ஆனால் அந்தப் பத்து வருஷமும் ஆலை ஓட வேண்டும். இரண்டு அறைக்காரரோ மிச்சத்தைச் சங்கத்தில் சேமித்து, மூன்றாவது அறையைக் கடனின்றியே கட்டலாம். அஸ்திவாரத்தையும் சுவரையும் மட்டும் மேல்மாடி தாங்கும்படி அமைத்துக்கொண்டால் போதும்.

கடன் எந்தக் கடன் என்பதும் முக்கியம். பயிர்க்கடனை வாங்கிச் செங்கல்லில் போடும் வழக்கத்தை நாம் வன்மையாகக் கண்டிக்கிறோம். தவணை தவறாமல் கட்டுவோருக்குப் பயிர்க்கடன் வட்டியில்லாமல் கிடைக்கிறது. அறுவடையில் திரும்ப வேண்டிய அப்பணம் சுவராக நின்றுவிட்டால் வட்டிச் சலுகையும் போய், அடுத்த பருவத்துக்கு விதை நெல் வாங்கவும் வழியிராது. நெசவாளருக்கும் ஒரு வார்த்தை. குழித்தறியை மண் போட்டு மூடி, அந்த இடத்தை வாடகைக்கு விடலாமா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். தறி இருக்கும் வரையில் அது ஒரு தொழில். வாடகை நின்ற மாதத்திலும் சோறு போடும். அறையைத் தறிக்குப் பக்கத்தில் கட்டலாமேயன்றித் தறியின்மேல் கட்டலாகாது.

யாருக்கு வாடகைக்கு விடுவது? தலைக்கு இவ்வளவு என்று வசூலித்து, ஓர் அறையில் எட்டுப் பத்து வெளிமாநிலத்து இளைஞர்களை அடைப்போர் உண்டு. வரவு அதிகம்தான், ஆனால் தண்ணீரும் கழிவுத்தொட்டியும் அதைத் தாங்கா. நம் வீட்டுப் பிள்ளை வெளியூரில் அப்படிக் கிடந்தால் நாம் பொறுப்போமா? 2021 டிசம்பரில் பூந்தமல்லிப் பக்கத்து விடுதியொன்றில் உணவு நஞ்சாகிப் பாக்ஸ்கான் பெண் தொழிலாளர் பலர் நோயுற்று, நெடுஞ்சாலையில் மறியல் நடந்ததும், சுங்குவார்சத்திரத்து ஆலை சில வாரங்கள் மூடிக் கிடந்ததும் அங்கத்தினர்கள் அறிந்ததே. அதன்பின் வல்லம் வடகாலில் சிப்காட் நிறுவனம் 706.50 கோடி ரூபாயில் 18,720 பெண்கள் தங்கக்கூடிய குடியிருப்பைக் கட்டி, அது 2024 ஆகஸ்ட் 17-இல் திறக்கப்பட்டது. அவ்வளவு பெரிய விடுதியோடு நமது சிறு முதல் போட்டியிட முடியாது. மேலும், பெண்கள் விடுதி நடத்த 2014-ஆம் வருஷச் சட்டப்படி மாவட்ட ஆட்சியரின் உரிமம் வேண்டும். கணவன், மனைவி, பள்ளி செல்லும் குழந்தை உள்ள குடும்பத்துக்கு ஏற்ற சிறு வீடே நமக்குத் தகுந்தது. அவர்கள் ஆலை மாறினாலும் சட்டென வீடு மாறுவதில்லை. இரண்டு வீடுகளில் இருப்போரும் ஒரே ஆலையில் வேலை செய்யாதபடி பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது.

ஒப்பந்தத்தை எழுத்தில் வைத்துக்கொள்க. 2019 பிப்ரவரி 22 முதல் அமலில் உள்ள தமிழ்நாட்டுச் சட்டம் நகர்ப்பகுதிகளில் இதைக் கட்டாயமாக்கி, முன்பணத்துக்கு மூன்று மாத வாடகையை அளவாகக் காட்டுகிறது. கிராமத்தில் இருப்போரும் அதே அளவைப் பின்பற்றினால் வழக்கு வராது. போக்கியத்துக்கு விட்டு மொத்தப் பணம் வாங்குவதை நாம் ஆதரிப்பதில்லை. திருப்ப வேண்டிய பணம் அது, மகள் கல்யாணத்தில் கரைந்துவிடும். மின்சாரத்துக்குத் தனி மீட்டர் வைத்துவிட்டால் யூனிட் கணக்கில் மனஸ்தாபம் இல்லை. வருமான வரி கட்டுவோர், வாடகையில் வீட்டு வரி போக எஞ்சியதில் நூற்றுக்கு முப்பது கழிவு உண்டென்பதை மறவாதிருக்கலாம்.

சொந்த மனை இல்லாமல் புதிதாக வாங்கிக் கட்ட நினைப்போருக்கு மேற்கண்ட கணக்கு பொருந்தாது. மனை விலையைச் சேர்த்தால் வாடகை வட்டிக்கே காணாது. விமான நிலையம் வருகிறது, விலை ஏறும் என்று பரந்தூரைக் காட்டித் தரகர் பேசுவார். அப்படியும் வாங்குவதென்றால் பட்டாவும் வில்லங்கச் சான்றும் பார்ப்பதோடு, மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி உண்டா என்று விசாரிக்க வேண்டும். ஏரிகள் நிறைந்த வட்டாரம் இது. 2015 டிசம்பரில் எந்தத் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்பதை ஊரார் சுவரைத் தொட்டுக் காட்டுவார்கள். தரகர் சித்திரையில் மனையைக் காட்டினால், ஐப்பசி மழைக்குப்பின் இன்னொரு முறை தனியே போய்ப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்கவும்.