கவுன்டருக்குப் பின்னால் – 7: பொம்மைக்குக் கிடைக்கிற ஓய்வு

“அடுத்த ஜென்மம்னு ஒண்ணு இருந்தா இந்தக் கடையிலயே பொம்மையாப் பொறக்கணும்க்கா. வாரத்துக்கு ஒருக்க சேல மாத்துததுக்காவது அதைப் படுக்கப் போடுவாங்கள்லா.”

தியாகராய நகரில் ஒரு பெரிய துணிக்கடை. மூன்றாவது மாடி, பட்டுப் பிரிவு. சொன்னவர் திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து வந்து, கடை ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கும் பெண். பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். அப்போது இரவு எட்டு மணி. மூவரும் காலை ஒன்பதரையிலிருந்து நின்றுகொண்டிருந்தார்கள்.

போன வாரம் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி எழுதினேன். இந்த வாரம் சிரிப்பு. அதை லேசான விஷயம் என்று நினைத்துவிட வேண்டாம். இந்தப் பெண்களோடு பேசத் தொடங்கியபோது அவர்கள் சிரிப்புதான் எனக்கு முதலில் கேட்டது. அவர்களுடைய வலி பிறகுதான் தெரிந்தது, அதுவும் அந்தச் சிரிப்பின் வழியாகவே.

அவர்களுக்குள் ஒரு தனி அகராதியே ஓடுகிறது. நாற்பது சேலையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் ஒரு பிளவுஸ் பிட் வாங்கிப் போகிறவர்கள் ‘தரிசனத்துக்கு வந்தவங்க’. ஃப்ளோர் சூப்பர்வைசரின் ஷூ சத்தம் கேட்டால் ‘எக்ஸ்பிரஸ்’ என்று ஒருத்தி முணுமுணுப்பாள். ரேக்கில் சாய்ந்திருந்த முதுகுகள் அத்தனையும் அந்த நொடியில் நிமிரும். கூட்டம் குறைந்த நேரத்தில் ஒருத்தி இரண்டு ரேக்குகளுக்கு நடுவே அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துகொள்வாள். அவளை மறைத்து நிற்பவள் ஒரு சேலையை இரண்டு கைகளிலும் அகல விரித்துப் பிடித்து, பார்டரில் எதையோ தேடுவதுபோல நிற்பாள். ‘திரை போட்டாச்சு’ என்பது அதற்கான சங்கேதம். ஐந்து நிமிடம் ஆனதும் ஆள் மாறும். யாருக்கு மாதவிடாய், யாருக்குக் காய்ச்சல் என்று பார்த்து முதல் முறை யாருக்கு என்பதை முடிவு செய்வார்கள். இதற்குக் கணக்கு நோட்டு ஏதும் இல்லை. ஆனால் ஒருத்தியின் முறையை இன்னொருத்தி பறித்துக்கொண்டதாக நான் ஒருவரிடமும் கேள்விப்படவில்லை.

புதிதாக ஒரு பெண் ஊரிலிருந்து வந்து சேர்ந்தால் முதல் வாரம் அழாமல் இருக்க மாட்டாள். பாதம் வீங்கியிருக்கும், செருப்பு நுழையாது. அவளுக்கு யாரும் ஆறுதல் சொல்வதில்லை. “ஏட்டி, உன் கால் பொங்கலுக்கு வச்ச கரும்பு கணக்கா இருந்துச்சு, இப்பம் பனங்கிழங்கு கணக்கா ஆயிட்டு” என்பார்கள். அழுதவள் சிரித்துவிடுவாள். பிறகு யாராவது ஒரு அக்கா வெந்நீரில் உப்புப் போட்டுக் கொண்டுவந்து வைப்பாள். கேலி, அதன் பின்னாலேயே வெந்நீர்: இந்த வரிசை எல்லா ஹாஸ்டலிலும் ஒன்றுதான். தாயைப் பிரிந்து வந்த பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளை இத்தனை தூரம் தாங்கிப் பிடிப்பது இந்த அக்காக்கள்தான்.

நாள் முழுக்க நிற்பதில் அப்படி என்ன இருக்கிறது, வயலில் நாற்று நடுகிறவள் நிற்கவில்லையா என்று ஒரு கடைக்காரர் என்னிடம் கேட்டார். நியாயமாகத் தோன்றக்கூடிய கேள்விதான், அதனால் பதில் சொல்கிறேன். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிகிறது. காலில் இறங்கிய ரத்தத்தை இதயத்தை நோக்கி மேலே தள்ளுவது அந்தத் தசைதான். ஒரே இடத்தில் அசையாமல் நின்றால் அந்த வேலை நின்றுபோகிறது. ரத்தம் காலிலேயே தேங்குகிறது. ரத்தத்தைக் கீழே இறங்கவிடாமல் தடுக்கும் நாளத்தின் வால்வுகள் வருடக்கணக்கில் அந்த அழுத்தத்தைத் தாங்கித் தளர்ந்து போகின்றன. நரம்புச் சுருட்டல் என்று நாம் சொல்லும் வெரிகோஸ் இப்படித்தான் வருகிறது. குதிகால் வலி, இடுப்பு வலி எல்லாம் தனி. கழிவறைக்குப் போக அனுமதி கேட்க வேண்டியிருப்பதால் தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறார்கள். அதனால் வரும் சிறுநீர்த் தொற்றும் தனி. வயலில் நிற்கிறவளின் உழைப்பு இதைவிடக் கடுமையானது, சந்தேகமில்லை. ஆனால் இடுப்பு வலித்தால் அவள் வரப்பில் போய் உட்காரலாம். அதற்கு ஷோகாஸ் நோட்டீஸ் வராது.

தொழிற்சாலையில் நின்றபடி வேலை செய்கிறவர்களுக்கு உட்கார வசதி செய்துதர வேண்டும் என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்திலேயே, 44-ஆவது பிரிவில் இருந்தது. பிரிட்டனில் 1899-லேயே கடைப் பெண்களுக்காகத் தனியாக ஒரு சட்டம் வந்தது: மூன்று பெண்களுக்கு ஓர் இருக்கையாவது இருக்க வேண்டும் என்றது. அதே பிரிட்டன் ஆண்ட சென்னையில் கடைப் பெண்களுக்கு அந்த இருக்கை வரவில்லை. சுதந்திரம் வந்த 1947-இல் இயற்றிய கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்திலும் வரவில்லை. ரங்கநாதன் தெருவின் இந்த வாழ்க்கையை 2010-இல் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ திரையில் காட்டியது, ஊரே பார்த்துக் கலங்கியது. அதற்குப் பிறகும் பதினோரு ஆண்டுகள் கழித்துத்தான், 2021 செப்டம்பரில், தொழிலாளர் நலத்துறை அமைச்சர் சி.வி.கணேசன் சட்டமன்றத்தில் திருத்த மசோதாவைக் கொண்டுவந்தார். அந்தச் சட்டத்தில், உட்கார இருக்கை தரச் சொல்லும் 22-ஏ என்ற பிரிவு சேர்ந்தது.

நமக்கு முந்திக்கொண்டது கேரளம். அங்கே 2018-இல் சட்டம் திருத்தப்பட்டது. அதைத் தொடங்கிவைத்தவர்கள் கோழிக்கோடு மிட்டாய்த் தெருவின் கடைப் பெண்கள். தையல் வேலை பார்த்த விஜி என்பவர் ‘பெண்கூட்டு’ என்ற அமைப்பை உருவாக்கினார். முதலில் அவர்கள் கேட்டது நாற்காலிகூட இல்லை, கழிவறை. பிறகுதான் உட்காரும் உரிமை. 2014 கடைசியில் திருச்சூரில் ஒரு துணிக்கடையின் பெண்கள், சங்கத்தில் சேர்ந்ததற்காகத் தங்களை இடமாற்றம் செய்ததை எதிர்த்துப் போராட்டம் தொடங்கினார்கள். நூறு நாளுக்கு மேல் நீண்ட அந்தப் போராட்டத்துக்கு மலையாளத்தில் ‘இரிக்கல் சமரம்’ என்று பெயர். நாளெல்லாம் நின்றவர்கள் கடை வாசலில் உட்கார்ந்து காட்டினார்கள். 2018-ஆம் ஆண்டுக்கான பிபிசியின் நூறு பெண்கள் பட்டியலில் விஜியின் பெயரும் இடம்பெற்றது.

ஆனால் உட்காருவதை வெறும் உடல்நலப் பிரச்சினையாக மட்டும் பார்த்தால் நம் ஊரைப் புரிந்துகொள்ளவே முடியாது. இங்கே யார் முன்னால் யார் உட்காரலாம் என்பதில்தான் மேல் கீழ் எல்லாம் நிலைநிறுத்தப்பட்டிருக்கிறது. டீக்கடை பெஞ்சில் சிலர் உட்காரக் கூடாது, சில வீட்டுக் கட்டிலுக்கு முன் சிலர் நின்றேதான் பேச வேண்டும். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத் திட்டையில், மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பட்டியல் சாதிப் பெண் ஊராட்சித் தலைவர், மற்றவர்கள் நாற்காலியில் இருக்கத் தரையில் உட்கார வைக்கப்பட்ட படம் வெளியானது. அந்தப் படத்தைப் பார்த்துக் கொதித்த நாம், துணிக்கடையில் இரண்டு மணி நேரம் சோபாவில் சாய்ந்துகொண்டு எதிரே நிற்கும் பெண்ணிடம் “அந்த மாம்பழக் கலர் எடும்மா” என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம். இரண்டும் ஒரே அளவு கொடுமை என்று நான் சொல்லவில்லை. இரண்டுக்கும் அடியில் ஓடும் எண்ணம் ஒன்று: கீழே இருப்பவர் உட்கார்ந்தால் மேலே இருப்பவருக்கு மரியாதைக் குறைவு. கடைக்காரர்கள் சொல்லும் காரணமும் இதுவேதான். “கஸ்டமர் தப்பா நினைப்பாங்க மேடம்.” அந்த கஸ்டமர் நாம்.

22-ஏ பிரிவு என்ன சொல்கிறது? வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது பயன்படுத்திக்கொள்ளும்படி எல்லா ஊழியர்களுக்கும் பொருத்தமான இருக்கை வசதி இருக்க வேண்டும் என்கிறது. நல்ல பிரிவு, மனதார வரவேற்கிறேன். ஆனால் அந்த ‘வாய்ப்பு’ வந்துவிட்டதா இல்லையா என்று முடிவு செய்வது யார்? சூப்பர்வைசர். இத்தனை பேருக்கு இத்தனை இருக்கை என்ற எண்ணும் அந்தப் பிரிவில் இல்லை. 1899-இன் சட்டம்கூட அதைச் சொல்லியிருந்தது. நான் பார்த்த கடைகளில் ஸ்டூல் இருக்கிறது. பில்லிங் பக்கத்தில் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருக்கிறார்கள். “அது சாமி ரூம் மாதிரிக்கா, பாத்துக் கும்பிட்டுக்கிடலாம்” என்றாள் பொம்மையாகப் பிறக்க விரும்பிய அதே பெண்.

அன்றைக்குப் பேத்தி கல்யாணத்துக்குச் சேலை எடுக்க வந்திருந்த ஒரு பெரியம்மா, “நீயும் உக்காந்துதான் காட்டேன் கண்ணு, எனக்கு ஒண்ணும் அவசரமில்ல” என்றார். அவள் சிரித்துக்கொண்டே மேலே கேமராவைப் பார்த்தாள், உட்காரவில்லை. பெரியம்மா விடவில்லை. சூப்பர்வைசரைக் கூப்பிட்டு, “தம்பி, இந்தப் புள்ளைக்கு ஒரு ஸ்டூல் போடுப்பா, இல்லன்னா நான் வேற கடைக்குப் போறேன்” என்றார். ஸ்டூல் வந்தது. அரை மணி நேரம் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சேலை பார்த்தார்கள். பெரியம்மா அதிகம் பேரம் பேசும் ரகம், அவள் விட்டுக்கொடுக்காத ரகம். இரண்டு சேலைகள் விற்றன.

நம்மில் ஒவ்வொருவரும் இதைச் செய்யலாம், செய்யத்தான் வேண்டும். ஆனால் வாடிக்கையாளரின் கருணையை நம்பி ஓர் உரிமையை விட்டுவைக்க முடியாது. தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் காலை பதினோரு மணிக்கு வந்து ஸ்டூல்களை எண்ணிவிட்டுப் போவதால் பயனில்லை. ஆடித் தள்ளுபடி, தீபாவளி சீசன் நாட்களில், மாலை ஏழு மணிக்கு மேல் வரட்டும். பெண்களைக் கடைக்குள் முதலாளி முன்னால் விசாரிக்காமல் ஹாஸ்டலில் போய்ப் பார்த்துப் பேசட்டும். அரசு, மூன்று பேருக்கு ஒரு ஸ்டூல் என்று விதியில் எண்ணை எழுதட்டும். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை நிமிடம், கூட்டம் இருந்தாலும் இல்லாவிட்டாலும், என்பதையும் அதோடு சேர்த்து எழுதட்டும்.

(தொடரும்)