அகங்காரமும் ஆயக்காரனும்

ஞானோபதேச வகுப்புக்குப் போய் வளர்ந்தவர்களுக்குத் 'தலையான பாவங்கள் ஏழு' என்ற பட்டியல் மறந்திருக்காது. கோபம், சோம்பல், காய்மகாரம் (அதாவது பொறாமை) எல்லாம் அதில் உண்டு. ஆனால் முதலிடம் அகங்காரத்துக்குத்தான். அதற்கு எதிரான புண்ணியம் தாழ்ச்சி என்று அடுத்த பாடத்திலேயே சொல்லித் தருவார்கள். சீர்திருத்தச் சபையார் 'பெருமை', 'தாழ்மை' என்பார்கள். சொல்தான் வேறு, நோய் ஒன்றே. நம் மலரைப் படிக்கும் பிற சமய அன்பர்களுக்கும் இந்த நோய் புதிதல்ல.

இந்தப் பட்டியல் எங்கிருந்து வந்தது? நான்காம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் துறவிகள் பலர் தனித்து வாழ்ந்தார்கள். அவர்களில் ஒருவரான எவாகிரியுஸ் (இறப்பு 399) மனத்தைக் கெடுக்கும் எண்ணங்களை எட்டாக வகுத்தார். அதில் வேடிக்கை என்னவென்றால், அகங்காரம் அங்கே கடைசியில் வருகிறது! சாப்பாட்டு ஆசையையும் பண ஆசையையும் கோபத்தையும் ஒருவன் வென்று முடிக்கட்டும், அதற்குப் பிறகு 'எல்லாம் நானே செய்தேன்' என்ற எண்ணம் நைசாக உள்ளே நுழையும் என்பது அவர் கணிப்பு. தன்னைப் பற்றித் தான் கொண்ட கருத்தை ஒப்புக்கொள்ளாதவர்களை அறிவிலிகள் என்று நினைக்கத் தொடங்குவதை அவர் இந்நோயின் அடையாளமாகக் காட்டுகிறார். 1600 ஆண்டுகளுக்கு முன் எழுதியது, நம் வீட்டுக் கூடத்தைப் பார்த்து எழுதினாற்போல் இருக்கிறது. பின்னாளில் திருத்தந்தை பெரிய கிரகோரி (590-604) எட்டை ஏழாகத் திருத்தி, அகங்காரமே எல்லாவற்றுக்கும் வேர் என்றார்.

எவாகிரியுசின் வழியில் வந்த காசியன் என்பவர், வீண்பெருமையை வெங்காயத்துக்கு ஒப்பிடும் பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்திருக்கிறார். ஒரு தோலை உரித்தால் அடுத்த தோல். பட்டுடுத்திப் பெருமைப்பட்டவன் அதை விட்டுவிட்டு எளிய உடை உடுத்துகிறான். இப்போது எளிமையே அவனுக்குப் பெருமை! ஆக, சொந்த முயற்சியால் மட்டும் இதை வெல்ல முடியாது. முயற்சி பலித்தால் அந்தப் பலனே அதற்குத் தீனி. கிறித்தவ மரபு தாழ்ச்சியைச் செபத்தோடு சேர்த்தே பேசுவதற்குக் காரணம் இதுதான்.

இயேசு சொன்ன கதை ஒன்று லூக்கா நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. கோவிலுக்குச் செபிக்கப் போன இருவரின் கதை. ஒருவன் பரிசேயன், மற்றவன் ஆயக்காரன். ஆயக்காரன் என்றால் வரி தண்டுபவன். உரோமை ஆட்சியில் அந்தத் தொழிலுக்கு மக்களிடம் கெட்ட பெயர்தான். பரிசேயன் தன் பக்தியைச் சொல்கிறான். அதில் பொய் ஒன்றும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். மோசேயின் சட்டம் கட்டாயமாக்கியது ஆண்டுக்கு ஒருநாள் நோன்பு. இவனோ வாரத்துக்கு இருமுறை இருக்கிறான். வருமானத்தில் பத்தில் ஒரு பங்கும் கொடுத்துவிடுகிறான். நன்றி சொல்லித்தான் தொடங்குகிறான். ஆனால் கடைசிவரை கடவுளிடம் எதையும் கேட்கவே இல்லை! கேட்க அவனுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. போதாததற்கு, பின்னால் நிற்பவனை வேறு ஒரு பார்வை பார்த்துக்கொள்கிறான். ஆயக்காரனோ தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்டு இரக்கம் ஒன்றையே கேட்கிறான். கடவுளுக்கு ஏற்புடையவனாக வீடு திரும்பியவன் அவனே என்று கதை முடிகிறது.

அந்த ஒரு வரி வேண்டுதல் நெடுந்தூரம் பயணம் செய்திருக்கிறது. கீழைத் திருச்சபைகளில் மூச்சோடு சேர்த்து மீண்டும் மீண்டும் சொல்லும் 'இயேசு செப'த்தில் அது கலந்திருக்கிறது. ஆறாம் நூற்றாண்டில் புனித பெனடிக்ட் தம் துறவியருக்கு எழுதிய ஒழுங்கின் 7-ஆம் அதிகாரம், தாழ்ச்சியைப் பன்னிரண்டு படிகள் கொண்ட ஏணியாக வருணிக்கிறது. இறங்குவதுதான் ஏறுவது என்பது அந்த ஏணியின் கணக்கு. அதன் கடைசிப் படியில் யார் நிற்கிறார் என்று பார்த்தால், அதே ஆயக்காரன்! பன்னிரண்டு படி ஏறியவரும் அவன் சொன்னதைத்தான் உள்ளத்தில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டுமாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. தாழ்ச்சி வேறு, தாழ்வு மனப்பான்மை வேறு. அவிலா தெரேசாள் 1577-ல் எழுதிய நூலில், தாழ்ச்சி என்பது உண்மையில் நடப்பது என்று விளக்குகிறார். தன்னைக் கூட்டியும் சொல்லாமல் குறைத்தும் சொல்லாமல் இருப்பது, அவ்வளவுதான். ஏற்கெனவே மிதிக்கப்பட்டவரைப் பார்த்து 'இன்னும் தாழ்ந்து போ' என்பது உபதேசம் ஆகாது. நம் திருநெல்வேலிச் சீமை வடக்கன்குளத்தில், ஒரே பீடத்தைப் பார்த்து இரு தனிக் கூடங்களாகக் கோவில் கட்டி, சாதிவாரியாக மக்களைப் பிரித்து உட்கார வைத்தார்கள். பிரித்த சுவர் 1910-ல் இடிக்கப்பட்டது. தனியிடம் எங்கள் உரிமை என்று உயர்சாதியார் தொடுத்த வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை போய்த் தோற்றது. அந்தச் சுவரின் இரு பக்கமும் ஒரே செபத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பதை நினைத்தால் மனசு கனக்கிறது. தாழ்ச்சி யாருக்குத் தேவைப்பட்டது அங்கே?

பெரிய வியாழன் பாதம் கழுவும் சடங்கு இதற்கு நேரான பதில். குனிந்தவர் சீடர் அல்ல, குரு. 'என் காலையா நீர் கழுவுவது?' என்ற பொருளில் பேதுரு மறுத்தாரே, அதிலும் கொஞ்சம் பெருமை ஒளிந்திருக்கிறது என்பது என் எண்ணம். பிறரிடம் உதவி பெறுவதும் சிலருக்கு அவமானமாகத் தோன்றும் இல்லையா? மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2013-ல் இச்சடங்கை உரோமையின் சிறார் சிறையில் நடத்தினார். அவர் பாதம் கழுவியவர்களில் பெண்களும் முஸ்லிம்களும் இருந்தார்கள். 2016-ல் சடங்கின் விதியே பெண்களையும் சேர்க்கும்படி மாற்றப்பட்டது.

சரி, வீட்டில் என்ன செய்வது? இஞ்ஞாசியார் 1548-ல் அச்சேறிய தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூலில் ஒரு எளிய முறை தருகிறார். ஒரே ஒரு குறையை எடுத்துக்கொள்ள வேண்டும். உதாரணமாக, மனைவி பேசும்போது குறுக்கே பேசி அவரை மட்டம் தட்டுவது. காலையில் அந்தக் குறைக்கு இடம் கொடாமல் கவனமாக இருப்பேன் என்று உறுதி எடுத்து நாளைத் தொடங்குவது. தவறும்போதெல்லாம் கையை மார்பில் வைத்து வருந்துவது (ஆயக்காரனின் சாயல் இதிலும் உண்டு). மதியம் ஒருமுறை, இரவு ஒருமுறை எண்ணிப் பார்த்து, நாளுக்கு இரண்டு கோடு போட்ட தாளில் புள்ளி வைப்பது. இஞ்ஞாசியாரின் நூலில் அந்தக் கோடுகள் நாளுக்கு நாள் சிறுத்துக்கொண்டே போகும். இன்றைய கோட்டை நேற்றைய கோட்டோடும், இந்த வாரத்தைப் போன வாரத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறார். பக்கத்து வீட்டுக்காரர் கோட்டோடு ஒப்பிடச் சொல்லும் இடம் அந்தப் பயிற்சியில் இல்லை.