சூடு எங்கே போகிறது?

போறணை என்ற சொல்லைத் தமிழ்நாட்டு நண்பரிடம் சொன்னால் விழிப்பார். போர்த்துக்கேயரின் 'ஃபோர்னோ' சிங்களத்தில் போரணுவ ஆனது, நம் வாயில் போறணை ஆனது. பாணும் அதே கப்பலில் வந்திறங்கிய சொல்தான்.

விறகுப் போறணையின் வாயில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்: பாண் உள்ளே போகும் நேரத்தில் அங்கே நெருப்பு இருக்காது. தாழ்ந்த வளைகூரை போட்ட செங்கல் அறை அது. அதற்குள்ளேயே விறகை அடுக்கி மணிக்கணக்கில் எரிப்பார்கள். பிறகு தணலை வாரி வெளியே எடுத்து, நீண்ட கழியில் கட்டிய ஈரச் சாக்கால் தரையைத் துடைத்து, கதவைச் சற்று நேரம் மூடிவைப்பார்கள். ஓரிடத்தில் கூடியும் ஓரிடத்தில் குறைந்தும் நிற்கிற சூடு, அந்தக் காத்திருப்பில் எங்கும் ஒரே அளவாகப் பரவிவிடும். ஒரு பிடி மாவைத் தரையில் எறிந்து பார்ப்பதும் உண்டு. உடனே கருகினால் இன்னும் பொறுக்க வேண்டும். மெல்லப் பழுப்பேறினால் பாணை ஏற்றலாம்.

பாணை வேகவைப்பது சுவர். செங்கல் குடித்துவைத்த சூட்டை மெதுவாகத் திருப்பிக் கொடுக்கிறது: தரை தொட்டுச் சுடுகிறது, கூரை மேலிருந்து கதிர்வீசிச் சுடுகிறது. கூரை தாழ்வாக இருப்பதற்குக் காரணமும் அதுதான். மாவிலிருந்து எழும் நீராவி உள்ளேயே அடைபட்டு மேற்தோலை ஈரமாக வைத்திருப்பதால், தோல் இறுகுமுன் பாண் எழும்பிவிடுகிறது. வெளியே 220, 230 பாகை இருந்தாலும் பாணின் நடுப்பகுதி 100 பாகையைத் தாண்டாது. உள்ளே ஈரம் இருக்கும்வரை நீர் அதற்கு இடங்கொடுக்காது. நீரின் இந்தப் பிடிவாதத்தை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

இனி ஆலைகளுக்கு வருவோம். சீமெந்து, கண்ணாடி, ஓடு, உலோகம் என்று பெருஞ்சூட்டில் நடக்கும் தொழில்களுக்கென்றே ஆலோசனைப் பொறியியலாளர்கள் இருக்கிறார்கள். இயந்திரத்தை விற்பது அவர்கள் வேலையல்ல. சூட்டுக்குக் கணக்குப் பார்ப்பது அவர்கள் வேலை. உள்ளே போன எரிபொருளில் இவ்வளவு சூடு இருந்தது, பொருளுக்குச் சேர்ந்தது இவ்வளவு, மீதி எங்கே போனது? கடையின் நாட்கணக்கைப் போலத்தான், ஆனால் இங்கே களவு கண்ணுக்குத் தெரியாது.

முதல் களவு புகைபோக்கி வழியே. அதற்குள் ஒரு குழாயை நுழைத்து ஒட்சிசனை அளப்பார்கள். வெளிக்காற்றில் 21 வீதம் ஒட்சிசன். புகையிலும் 15 வீதம் இருந்தால், தேவைப்பட்டதைப்போல மூன்றரை மடங்கு காற்று உள்ளே போயிருக்கிறது என்று பொருள். அத்தனை காற்றையும் காசு கொடுத்துச் சூடாக்கி வானத்துக்கு அனுப்பியிருக்கிறோம். ஒரு தடுப்புக் கதவைக் கொஞ்சம் மூடினாலே பாதி நோய் தீரும். இதைச் சொல்ல ஓர் ஆலோசகரா என்று முதலாளி கேட்பார். அளக்காமல் எவ்வளவு மூடுவது என்பதுதான் கேள்வி. அதிகம் மூடினால் விறகு அரைகுறையாக எரிந்து நச்சுப்புகை வரும்.

இரண்டாவது களவு சுவர் வழியே. அருவக்காட்டிலிருந்து வரும் சுண்ணாம்புக்கல்லைச் சுடும் புத்தளம் சீமெந்து ஆலையை எடுத்துக்கொள்வோம். சீமெந்துச் சூளை என்பது சற்றே சரிவாகப் படுத்தபடி மெல்லச் சுழலும் நீண்ட உருக்கு உருளை. உள்ளே பொருள் 1450 பாகை வரை ஏறும், சுடர் 2000 பாகையை எட்டும். உருக்கே ஏறத்தாழ 1500 பாகையில் உருகிவிடும். இரண்டுக்கும் நடுவே இருப்பது ஒரு சாண் கனமுள்ள சூடு தாங்கும் கல் மட்டும். ஒரு கல் விழுந்தால் வெளியே உருக்கு செந்நிறமாகத் தெரியத் தொடங்கும். அதனால் வெப்பக் கமெரா உருளையை ஓயாமல் பார்த்தபடி இருக்கிறது. மின்சாரம் நின்றாலும் சூடான உருளை நிற்கக்கூடாது, நின்றால் தன் பாரத்தாலேயே வளைந்துவிடும். அதைத் திருப்புவதற்கென்றே துணை இயந்திரம் ஒன்று உண்டு.

மூன்றாவது களவு ஈரத்தின் வழியே, அதுதான் நம் வீடுவரை வருகிறது. கொட்டாஞ்சேனையிலிருந்து களனி ஆற்றைக் கடந்து வத்தளைப் பக்கம் போனால் கெரவலப்பிட்டி. அங்கே கொழும்பின் குப்பையை எரித்து 10 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் நிலையம் 2021இல் இயங்கத் தொடங்கியது. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில் மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட பிறகு, குப்பையை இனி எங்கே கொட்டுவது என்ற கேள்வியை நகரம் தட்டிக்கழிக்க முடியவில்லை.

குப்பையை எரிப்பது விறகை எரிப்பது போலல்ல. எரிந்த வாயு குறைந்தது 850 பாகையில் இரண்டு செக்கன் நிற்க வேண்டும் என்கிறது ஐரோப்பிய விதி. குறைந்தால் டையொக்சின் போன்ற நஞ்சுகள் அழியாமல் தப்பிவிடும். அந்த 850ஐக் கீழே இழுப்பது நீர். ஒரு கிலோ நீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர ஏறக்குறைய 293 கிலோயூல் போதும். கொதிக்கும் அதே நீரை ஆவியாக்க 2257 கிலோயூல் வேண்டும், ஏழு மடங்குக்கும் மேல். போறணையில் பாணை எழும்பவைத்த அதே நீர், இங்கே நெருப்பின் கழுத்தைப் பிடிக்கிறது. இத்தகைய நிலையங்களில் குப்பையை ஆழமான குழியில் சில நாள் கிடத்தி நீரை வடியவிட்ட பிறகே எரிப்பது அதனால்தான்.

வெள்ளவத்தைக் குசினியிலிருந்து போகும் ஒரு பையைத் திறந்து பாருங்கள்: பிழிந்த தேங்காய்ப்பூ, சோற்றுக் கஞ்சி, மரக்கறித் தோல், மீன் கழுவிய கழிவு, செவ்விளநீர்க் கோம்பை. பாதிக்கு மேல் ஈரம். எந்த ஆலோசகரை அழைத்தாலும் இந்த ஈரத்தைச் சூளையின் வாசலில் வைத்துக் குறைப்பது செலவான வேலை. குசினியில் ஈரக் குப்பைக்கென்று இரண்டாவது வாளி ஒன்று வைத்தால் செலவே இல்லை. இன்றைக்கே வையுங்கள்.